எஸ்தருக்கு வாசித்த ஓலை

செபாஸ்தியம்மாள் பொய் கலக்காமல் ஒரு கல்யாணத்தையும் முடித்து வைத்ததில்லை. திண்டுக்கல் மரியநாதபுரத்தில் கல்யாணத் தரகு என்றால் அவள்தான். அவள் சேர்த்து வைத்த ஜோடிகளை வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசை மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்து, வழியை மறைத்ததற்காகப் பழனி வண்டி டிரைவரிடம் திட்டும் வாங்கும். கோபக்காரனை ‘உணர்ச்சியுள்ள பிள்ளை’ என்பாள். கட்டிலை விட்டு இறங்காதவனை ‘வீடு தங்குகிற குணம்’ என்பாள். கேட்டால், “பொய்யா சொல்றேன்? உண்மைக்குக் கொஞ்சம் பவுடர் போடுறேன். நீங்க மொகத்துக்குப் போட்டுக்கிறதில்லையா?” என்று திருப்புவாள்.

அந்தப் பவுடரை ஈரத்துணியால் துடைத்துவிடுவது தெருமுனை டீக்கடை உடையப்பனின் வேலை. பெண்ணெடுக்க, பெண்கொடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் அவன் கடையில்தான் வண்டியை நிறுத்துவார்கள். ஒரு டீ சொல்லிவிட்டு, “இந்தத் தெருவுல இன்னார் வீடு எப்படிங்க?” என்று பேச்சைப் போடுவார்கள். உடையப்பன் கெட்டவன் இல்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிற பரோபகாரி. “நல்ல பையன்தான்...” என்று இழுத்துவிட்டு கிளாஸைத் துடைக்க ஆரம்பிப்பான். அந்த இழுவையில் செபாஸ்தியம்மாளுக்கு எத்தனை கல்யாணம் கைநழுவியதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். இருவரும் ஒரே தெருவில் முப்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாமலே சண்டை போட்டு வந்தார்கள்.

போன வருஷம் கோடையில் கொடைரோட்டில் ஒரு மாப்பிள்ளையை விசாரிக்கப் போனாள் செபாஸ்தியம்மாள். எப்போதும் போல அப்துல் ஹக்கீமின் ஆட்டோதான். ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் மாப்பிள்ளையே உட்கார்ந்திருந்தான். சொந்தமாகச் சரக்கு வண்டி, கழுத்தில் தங்கச் சங்கிலி, முகத்தில் மீசை, எல்லாம் சரியாக இருந்தது. பேசிக்கொண்டே கிளாஸில் மிச்சமிருந்த சூடான டீயைப் பின்னாலிருந்த சாக்கின் மேல் வீசி ஊற்றினான். சாக்கு முனகியது.

செபாஸ்தியம்மாள் கிட்டப் போய்ப் பார்த்தாள். சாக்கில்லை, நாய். உடம்பில் ஒரு முடி இல்லை. சொறி தின்றது போக மிச்சம் யானைத்தோல் மாதிரி கறுத்து வெடித்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கழுத்தில் ஒரு துருப்பிடித்த சங்கிலி. அது கழுத்தின் மேல் இல்லை, சதைக்குள் போயிருந்தது. அறுந்த நுனி மட்டும் வெளியே தொங்கியது; புண்ணில் புழு நெளிந்தது. ஈக்கள்கூட யோசித்துத்தான் உட்கார்ந்தன.

“இது யாரு நாய்ப்பா?”

“யாருக்குத் தெரியும் ஆன்ட்டி? எங்கருந்தோ அத்துக்கிட்டு வந்து கெடக்கு. ரெண்டு நாள்ல போயிரும்” என்றான் மாப்பிள்ளை.

“நீ இப்பவே போயிரலாம்ப்பா” என்று எழுந்துவிட்டாள் செபாஸ்தியம்மாள். பெண்வீட்டாருக்குப் போன் போட்டு, “பையனுக்குக் கை சரியில்லை” என்று ஒரே வரியில் சம்பந்தத்தை முடித்தாள். பவுடர் போடாமல் அவள் சொன்ன முதல் தகவல் அதுவாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளைக்குப் பழம் கட்டிக்கொண்டு போன துண்டில் நாயைச் சுற்றி அவள் தூக்கி வந்ததைப் பார்த்த ஹக்கீம் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டான். “யம்மா, மாப்பிள்ள பாக்கத்தானே வந்தீங்க?”

“அந்த எடத்துல இதுதான் தேறுச்சு. வண்டிய எடு.”

“நாளைக்கி எவன் இந்த வண்டியில ஏறுவான்?”

“நாத்தத்துல மயங்கி விழுறவனை ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோ. அதுவும் சவாரிதானே?”

ஹக்கீம் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அமைதி நேர்ந்ததில்லை.

கால்நடை மருத்துவர் ஜீவிதா, இளம்பெண், மயக்க ஊசி போட்டுச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டி எடுத்தாள். புழுக்களை இடுக்கியால் எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள். “பொழைக்கும்னு சொல்ல மாட்டேம்மா. சொறிக்கு வாராவாரம் ஊசி, மருந்துத் தண்ணியில குளியல். ஒரேயடியா நெறையச் சாப்பாடு போட்டுராதீங்க, செத்துரும். கொஞ்சம் கொஞ்சமா. தேறி வந்தா தடுப்பூசி, கருத்தடை. அப்புறம் நல்ல வீடா பாத்துக் குடுத்துரலாம். நீங்க பாக்காத வீடா?”

அந்தக் கடைசி வார்த்தைதான் செபாஸ்தியம்மாளைப் பிடித்துக்கொண்டது. தரகு என்று வந்துவிட்டால் அவள் வேறு மனுஷி. அன்றைக்கே நாய்க்கு எஸ்தர் என்று பேர் வைத்தாள். வேதத்தில் அநாதைப் பெண்ணாக வளர்ந்து ராஜாத்தியானவள் எஸ்தர். எதிர்வீட்டு டெய்சி சண்டைக்கு வந்தாள்.

“அக்கா, எஸ்தர் எங்க நாத்தனார் பேரு!”

“இருக்கட்டும்டி. நாய் ஒண்ணும் கோவிச்சுக்கல.”

எஸ்தர் தேறி வந்த கதையைச் செபாஸ்தியம்மாள் சொல்லிக் கேட்க வேண்டும். அரிசிக்கஞ்சியில் ஈரல் மசித்துப் போட்டதும், பழந்துணியில் வேப்பிலைத் தண்ணீர் நனைத்துத் துடைத்ததும் உண்மை. மருந்துக் குளியலன்று நாய் ஒரு உதறு உதறியதில் டெய்சி வீட்டு மொட்டைமாடி வடகம் நனைந்தது என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நாய் வந்த நாளில் இருந்து அவள் போனில் பொய் சொல்ல முடியவில்லை என்பதும் அப்படித்தான். “பொண்ணுக்குச் சமையல் அத்துப்படி” என்று அவள் ஆரம்பித்தால், படுத்திருக்கிற எஸ்தர் தலையைத் தூக்கி அவளையே பார்க்குமாம். “சரி சரி, ரசம் வைப்பா” என்று திருத்தினால்தான் தலையை மறுபடி கீழே வைக்குமாம்.

ஆனால் ஒன்று மட்டும் கூட்டிக் குறைக்காமல் நடந்தது. சங்கிலி போய் வாரங்கள் ஆன பின்னும் எஸ்தர் முற்றத்தில் ஒரு வட்டத்துக்குள்தான் நடந்தது. வட்டத்தின் விளிம்பு வந்ததும், யாரோ இழுத்த மாதிரி நின்று திரும்பியது. அந்த வட்டத்தின் அளவைப் பார்த்தால் சங்கிலியின் நீளம் தெரிந்தது. செபாஸ்தியம்மாள் அன்றாடம் சோற்றுத் தட்டைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே தள்ளி வைத்தாள். முதலில் எஸ்தர் கழுத்தை நீட்டி நாக்கால் தட்டை உள்ளே இழுத்தது. அடுத்த நாள் தட்டு இன்னும் தள்ளி இருந்தது. “பொறந்த வீட்டுப் பழக்கம் போக நாளாகும்” என்று அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து வரன்களின் குறைகளை எல்லாம் நாய்க்கு வாசித்துக் காட்டினாள். ஒருநாள், ஒரு பையன் வேலையை விட்ட காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, எஸ்தர் கோட்டைத் தாண்டி வந்து அவள் மடியில் முகத்தை வைத்தது. செபாஸ்தியம்மாள் மேற்கொண்டு வாசிக்கவில்லை.

செம்மண் நிறத்தில் முடி முளைத்தது. காது நிமிர்ந்தது. கழுத்தைச் சுற்றி மட்டும் முடி வராமல் ஒரு விரல் அகலத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. அதை மறைக்க ஒரு சிவப்புச் சுங்குடித் துணியைக் கட்டிவிட்டு, வரன் தேட ஆரம்பித்தாள்.

முதலில் வந்த கிளெமென்ட் சார் வீட்டில் புது கேட் போட்டிருந்தார்கள். அதில் கட்டிப்போட நாய் வேண்டும் என்றார்கள். “கேட்டுக்குப் பூட்டு வாங்குங்க சார், நம்ம ஊருல நல்லாக் கெடைக்கும்” என்று அனுப்பினாள். இரண்டாவது வந்தவர்கள் வெள்ளையாக இருந்தால் நல்லது என்றார்கள். மனுஷப் பெண்களுக்கே அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். வாசலிலேயே காபி இல்லாமல் வழியனுப்பினாள்.

மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டியில் இருந்து மதியழகனும் அவன் மனைவி மலர்விழியும் வந்தார்கள். அவன் தறி போடுகிறவன். அவள் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பவள், நகக்கண்ணெல்லாம் ஊதா. மலர்விழி வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தாள். எஸ்தருக்கு நின்றுகொண்டிருக்கிற மனிதர்கள் என்றால் பயம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாய் வந்து அவள் கையை மோந்தது. மதியழகன்தான் யோசனைக்காரன். “ரோட்டுப் பக்கம் வீடுங்கம்மா. மதுரை வண்டியெல்லாம் பறக்கும். ஓடிராதுல்ல?” என்று நாலு தடவை கேட்டான்.

செபாஸ்தியம்மாளுக்கு இடம் பிடித்துவிட்டது. இதைவிட நல்ல வீடு இந்த நாய்க்கு அமையாது என்று அவளுக்குத் தெரிந்தது. முடித்துவிட வேண்டியதுதான் என்று இருந்தபோது ஜீவிதா ஒரு குறுக்குக்கட்டை போட்டாள். “கழுத்துல சங்கிலி இருந்துச்சுன்னா ஒரு சொந்தக்காரன் இருந்திருக்கான்ல? நாளைக்கி அந்த வீட்டு வாசல்ல போயி என் நாய்னு நின்னா? ஒரு அறிவிப்பு குடுத்துருங்கம்மா.”

அறிவிப்பு என்றதும் செபாஸ்தியம்மாளுக்குத் தோன்றியது ஒன்றுதான். கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசை முடிவில் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்களே, அந்த ஓலை. நாய்க்கு ஓலை வாசிக்கச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கேட்கிற தைரியம் அவளுக்கு உண்டு; அவர் சொல்லப்போகும் பதிலைக் கேட்கிற தைரியம் இல்லை. ஆகவே அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில், தெரு ஜெபக்கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் இருக்கிற இடத்தில், தானே குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசிப் போட்டாள்:

“கொடைரோட்டில் கண்டெடுக்கப்பட்டு, தற்போது மரியநாதபுரத்தில் வசிக்கும் எஸ்தர், சின்னாளப்பட்டி மதியழகன் மலர்விழி வீட்டுக்குப் போக இருக்கிறாள். இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் உடனே அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை.”

கூடவே சிவப்புத் துணி கட்டிய எஸ்தரின் படம். நடுத்தெருவில் கொட்டிய கடுகு மாதிரி அந்தக் குரல் ஊரெல்லாம் உருண்டது. நிலக்கோட்டையில் கேட்டார்கள், வத்தலக்குண்டில் கேட்டார்கள். துபாயில் ஒருத்தர் கேட்டுவிட்டு, பெண்ணுக்கு என்ன படிப்பு என்று விசாரித்தாராம். மூன்றாம் ஓலை போவதற்குள் கொடைரோட்டுத் தென்னந்தோப்புக்காரர் பெரியகருப்பன் காதிலும் விழுந்தது. அவர் போன் போட்டார்.

“அது எங்க நாயும்மா. தோப்புல கெடந்தது, அத்துக்கிட்டு ஓடிருச்சு. போட்டோவுல பாத்தேன், நல்லாத் தெளிஞ்சிருக்கு. தேங்காய்க் களவு சாஸ்தியா இருக்கு, கட்டிப் போட ஆகும். வெள்ளிக்கெழம வந்து கூட்டிக்கிறேன்.”

ஊரைக் கூட்டி ஓலை வாசித்தவளே செபாஸ்தியம்மாள்தான். வந்த விக்கினத்தைக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நாயைத் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி அந்த வட்டத்துக்குள் போகும். அன்று பிற்பகல் முழுவதும் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஒரு சம்பந்தம் எப்படிக் கூடும் என்பது அவளுக்கு அத்துப்படி. எப்படிக் கலையும் என்பதில் மட்டும் அவளுக்குத் தொழில் தெரியாது. தெரிந்தவன் தெருமுனையில் இருந்தான்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் உடையப்பன் கடைப் படியேறியதும், வடை தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“உடையப்பா, ஒரு சம்பந்தத்தக் கலைக்கணும்.”

உடையப்பன் கையிலிருந்த பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தது. “என்ன தாயி சொல்றே? நானா? நான் எப்ப யாரு குடியக் கெடுத்தேன்?”

“நடிக்காதப்பா. இம்புட்டு நாளும் எங்கிட்டக் கேக்காமக் கலைச்சே. இன்னைக்கி நானே கேக்கேன். வெளியூர் ஆளு எஸ்தரக் கேட்டு வருவான். நீ உன் வாயத் தொறந்தாப் போதும்.”

“எம்புட்டுத் தொறக்கணும்?”

“கடைவாய்ப்பல்லு தெரியிற அளவுக்கு.”

உடையப்பனுக்குக் கண் கலங்கியது. ஒரு கலைஞனின் திறமையை எதிரியே வந்து ஒப்புக்கொண்டால் வேறென்ன செய்யும்? அவளுக்கு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ கொடுத்தான். நன்றாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குத்தான் தன் வீட்டில் அன்பியக் கூட்டம் வைத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஜீவிதாவையும் வரச் சொல்லியிருந்தாள். ஜெபம் முடிந்து சுண்டல் வரும் நேரத்துக்குச் சரியாகப் பெரியகருப்பன் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். டீக்கடைக்காரன் பேச்சைக் கேட்டு வழியிலேயே திரும்பியிருப்பார் என்று நினைத்த செபாஸ்தியம்மாளுக்கு முகம் மாறியது. ஆனாலும் நாற்காலி போட்டாள். எஸ்தர் அவர் குரல் கேட்டதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

“உக்காருங்கய்யா. விக்கினம் சொல்ல வந்தவுக சபையில சாட்சியோட சொல்லணும், அதான் முறை. நாய்க்கு என்ன பேரு வச்சிருந்தீக?”

“நாய்க்கு என்னம்மா பேரு? நாய்தான்.”

பாயில் இருந்து டெய்சி, “எஸ்தர்ங்கிறது எங்க நாத்தனார் பேருங்க” என்றாள். யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

“சரி. அடையாளம்? கழுத்துல ஏதும் தழும்பு இருக்குமா? துணி கட்டியிருக்கு, அதான் கேக்கேன்.”

பெரியகருப்பன் வாயைத் திறக்குமுன் ஜீவிதா போனை எடுத்து நீட்டினாள். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். “சங்கிலி சதைக்குள்ள போயிருந்தது சார். இது நான் எடுத்த படம். சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சா போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்னு இருக்கேன். உங்க நாய் கழுத்துல தழும்பு உண்டா, இல்லையா?”

பெரியகருப்பன் படத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். உண்டு என்றால் போலீஸ். இல்லை என்றால் இது அவர் நாய் இல்லை. வேட்டி நுனியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஓட்டு விட்டத்தை ஆராய்ந்தார்.

“இல்ல... எங்க நாய்க்குக் கழுத்து நல்லா மொழுமொழுன்னு இருக்கும்.”

“அப்ப இது வேற.”

“வேறதான் போல.”

“சுண்டல் எடுத்துக்கங்கய்யா.”

அவர் சுண்டல் எடுக்கவில்லை. வந்ததைவிட வேகமாகப் படி இறங்கினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில், சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடியது.

செபாஸ்தியம்மாள் உடனே மலர்விழிக்குப் போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மதியழகன் போன் அணைந்து கிடந்தது. சனிக்கிழமையும் அதே கதை. அவளுக்கு எதுவோ இடறியது. தெருமுனைக்குப் போனாள். உடையப்பன் முகம் மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது.

“என்ன தாயி, நம்ம வேலை எப்படி? அத்தோட திரும்பிப் போயிட்டாகள்ல?”

“யாரு போனா? பெரியகருப்பன் நேரா வீட்டுக்கில்ல வந்தான்?”

“பெரியகருப்பனா? வியாழக்கிழமையே ரெண்டு பேரு வந்தாகளே, புருஷன் பொஞ்சாதி, வண்டியில. எஸ்தர்னு ஒரு நாய் இருக்காமே, எப்படின்னு கேட்டாக. வச்சேன் பாரு! சொறி திரும்ப வரும், மனுசனுக்கும் ஒட்டும்னேன். மொதலாளியவே கடிச்சிட்டு வந்துச்சுன்னேன். எந்த வீட்லயும் தங்காது, அது ஒரு ஓடுகாலின்னேன். அந்தப் பொம்பள டீயக் குடிக்காமலே எந்திரிச்சிருச்சுன்னா பாத்துக்க!”

“அந்தப் பொம்பள கை எப்படி இருந்துச்சு?”

“ஊதாவா... சாயம் ஒட்டுன மாதிரி...”

செபாஸ்தியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தன் பொருளைத் தேடி வருகிறவன் டீக்கடையில் விசாரித்துக்கொண்டா நிற்பான்? பெண்ணெடுக்கிறவன்தான் விசாரிப்பான். இத்தனை வருஷத் தொழிலில் இது அவளுக்குத் தெரியாதா? அவர்கள் முதல் தடவை வந்தது ஞாயிற்றுக்கிழமை, கடை சாத்தியிருந்தது. முடிவு பண்ணுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று, நல்ல குடும்பத்துக்காரர்கள் மாதிரி, வந்திருக்கிறார்கள். உடையப்பனிடம் பேரும் சொல்லாமல் ஊரும் சொல்லாமல் வேலையை ஒப்படைத்தது அவள்தானே?

“கடையச் சாத்து” என்றாள்.

“என்ன தாயி?”

“சின்னாளப்பட்டிக்கி வா. நீ கலைச்சத நீயே வந்து கூட்டு.”

“எனக்குக் கூட்டத் தெரியாதே!”

ஹக்கீம் ஆட்டோவில் மூன்று பேர்: நடுவில் எஸ்தர், ஒரு பக்கம் கூட்டுகிறவள், மறுபக்கம் கலைக்கிறவன். வழியெல்லாம் செபாஸ்தியம்மாள் பாடம் நடத்தினாள். “நல்ல நாயின்னு சொல்லு.”

“நல்ல நாய்...தான்...”

“இழுக்காத!”

“வாய் அதுவா இழுக்குது தாயி, நான் என்ன செய்ய?”

“ஹக்கீம், வண்டிய நிறுத்தி இவர எறக்கு.”

“வேணாம், வேணாம், சொல்றேன். நல்ல... நல்ல...” பாவம், மனிதனுக்கு வேர்த்து ஊற்றியது. காந்திகிராமம் தாண்டும் வரையில் அவனால் அந்த இரண்டு வார்த்தையை நேராகச் சொல்ல முடியவில்லை. எஸ்தர் அவன் தொடையில் தலையை வைத்துத் தூங்கியது. அவன் அசையாமல் உட்கார்ந்து வந்தான்.

மலர்விழி வாசலில் சாயம் தோய்த்த சேலையைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவையும் அதிலிருந்து இறங்குகிற ஆளையும் பார்த்ததும் சேலையை விட்டுவிட்டாள்.

“நீங்கதானே அந்த டீக்கடைக்காரரு?”

“ஆமா தாயி. அது வந்து...”

“அத ஓடுகாலின்னு சொன்னீங்கள்ல. கழுத்துல இம்புட்டு அகலத்துக்குப் புண்ண வச்சுக்கிட்டு, அது அத்துக்கிட்டு வராம அங்கேயே கெடந்து சாகணுமா? ஒரு வீட்ட விட்டு வந்துட்டா அம்புட்டுத்தானா? இனி எந்த வீட்லயும் தங்காதா?”

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மதியழகன் வந்து நின்றான். மெதுவாகச் சொன்னான், “அவளும் மொத வீட்ட விட்டு வந்தவதாங்கம்மா. அப்ப அவ தெருவுலயும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. அதான் கோபம். உங்க போனக்கூட எடுக்க மாட்டேன்னுட்டா. அந்தத் தெருவே வேணாம், ஆனா நாய் மட்டும் வேணும்னு ரெண்டு நாளா எங்கிட்டச் சண்டை.”

“இவரு மட்டும் என்ன?” என்று மலர்விழி அவன் பக்கம் திரும்பினாள். “ஓடிரும், ஓடிரும், மதுர ரோட்டுல அடிபட்டுரும்னு ஒரே பொலம்பல். என்னையும் இப்படித்தான் நெனச்சீங்களா?”

“ஒன்ன எதுக்குடி இதுல இழுக்கிற?”

செபாஸ்தியம்மாள் இந்த இடத்தில் பேச வேண்டியவள். எத்தனையோ வீட்டுக் கூடத்தில் பேசிப் பேசியே முடித்தவள். வாயைத் திறந்தாள், பவுடர் டப்பா காலி. “உள்ளதச் சொல்லிர்றேன்ப்பா” என்றாள். “செருப்பக் கடிக்கும். நின்னுக்கிட்டு இருக்கிற ஆளப் பாத்தா நடுங்கும். தனியா விட்டா அழுவும். கழுத்துல முடி இனி வராது. ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது. விக்கினம் சொல்ல வந்தவன் போயிட்டான், இனிமே வர மாட்டான். ஆளு இன்னாருன்னு சொல்லாம இந்த மனுசனத் தூண்டிவிட்டது நான். அம்புட்டுத்தான்.”

எல்லாரும் உடையப்பனைப் பார்த்தார்கள். அவன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், பிறகு அவிழ்த்தான். தொண்டையைச் செருமினான். “நல்ல...” என்று ஆரம்பித்தது பாதியில் நின்றது. கடைசியில், “தப்பாச் சொல்லிட்டேன் தாயி” என்றான். முப்பது வருஷத்தில் அவன் கடையில் யாரும் கேட்டிராத வாக்கியம்.

மலர்விழி ஆட்டோ அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். எஸ்தர் இறங்கியது. அவள் கையை மோந்தது. சேலையில் இருந்து சொட்டிய ஊதாத் தண்ணீரை மோந்து தும்மியது. ரோட்டில் ஒரு மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மதியழகன் இரண்டு கையையும் விரித்து ரோட்டுப் பக்கம் ஓடி மறித்தான். எஸ்தர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போனது.

பின்னாலேயே எல்லாரும் போனார்கள். உள்ளே குழித்தறி. நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற பள்ளம் குளுகுளுவென்று இருட்டாக இருந்தது. எஸ்தர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, மிதிகட்டை மேலேயே சுருண்டு படுத்துவிட்டது.

“ஏய், அது என் தறி” என்றான் மதியழகன். எஸ்தர் பெருமூச்சு விட்டது. அவன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, அதன் மேல் பட்டுவிடாமல் காலை மெதுவாக உள்ளே விட்டான். நாய் அவன் பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அவன் ஊடுநூல் ஓட்டுகிற நாடாவை எடுக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை.

“இனி எப்படிங்க நெய்யிறது?” என்று செபாஸ்தியம்மாளைக் கேட்டான்.

“அது உங்க குடும்ப விஷயம்” என்றாள் அவள். “நான் கூட்டி வைக்கிறதோட சரி.”

மலர்விழி சிரித்துவிட்டு, வந்தவர்களுக்கு டீ போட அடுப்படிக்குப் போனாள். உடையப்பன் மட்டும் அங்கேயே நின்று, எட்டி எட்டிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சீனி கொஞ்சம் கம்மியாத் தாயி” என்றான் அடுப்படிப் பக்கம் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி மதியழகனிடம், “ஒரு வார்த்த சொல்றேன், தப்பா நெனைக்காதீக. நாய்க்கு ஒண்ணுமில்ல. இந்தத் தரகம்மா இருக்காகளே, அவுகளப் பத்திக் கேட்டீகன்னா...” என்று ஆரம்பித்தான்.

செபாஸ்தியம்மாள் அவன் தோள்துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.